தொடையின் பின்பக்கத்தை யார் பார்ப்பது? கால்பந்து வீரர்கள் வலிமைப் பயிற்சியில் செய்யும் தவறுகள்

ஜிம்முக்குப் போகும் கால்பந்து வீரர்களில் பலர் கண்ணாடியில் தெரிகிற தசைக்குத்தான் வேலை கொடுக்கிறார்கள். திங்கள் மார்பு, செவ்வாய் கை, புதன் தோள். கால் என்று வந்தால், "அதான் தினமும் ஓடறோமே" என்று விட்டுவிடுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சாயங்காலம் மைதானத்தில் ஆடும் பையன்களிடம் இந்தப் பேச்சு சகஜம். ஓட்டம் மூச்சைத் தேற்றும். ஆனால் முழு வேகத்தில் ஓடிச் சட்டென நின்று திரும்பும்போது தசை தாங்கும் பளு வேறு. அதற்குத் தனியாகப் பழக்கினால்தான் உண்டு.

முக்கியமாகத் தொடையின் பின்பக்கம், அதாவது ஹேம்ஸ்ட்ரிங். கால்பந்தில் அடிக்கடி காயப்படும் தசை இது. வேகமாக ஓடும்போது முன்னால் வீசின காலை, பாதம் தரையைத் தொடுவதற்கு முன் இழுத்துப் பிடிப்பது இதன் வேலை. நீண்டுகொண்டே பலம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அந்த நொடியில்தான் கிழிகிறது. மெஷினில் படுத்துக் காலை மடக்கிக்கொண்டிருந்தால் மட்டும் இதற்குப் போதாது.

நார்டிக் என்ற பயிற்சி இதற்காகவே இருக்கிறது. முட்டிக்கடியில் மடித்த சாக்கைப் போட்டு மண்டியிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். நண்பர் ஒருவர் பின்னாலிருந்து இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். முட்டியிலிருந்து தலைவரை ஒரே நேர்கோடு. இடுப்பை மடக்காமல், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாயுங்கள். இனி தாங்காது என்ற இடத்தில் கையை ஊன்றி இறங்கி, கையாலேயே தள்ளி எழுங்கள். இதை விடாமல் செய்த அணிகளில் ஹேம்ஸ்ட்ரிங் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. காசு செலவே இல்லாத பயிற்சி, அதையும் செய்யாமல் விடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இதிலும் ஒரு தவறு நடக்கிறது. முதல் நாளே பத்துப் பத்தாக மூன்று செட் போட்டு, மறுநாள் படி இறங்க முடியாமல் தவித்து, அப்புறம் அந்தப் பக்கமே வருவதில்லை. முதல் வாரம் ஒரே ஒரு நாள், 5 தடவையாக 2 செட் போதும். இரண்டு, இரண்டரை மாதத்தில் நிதானமாக ஏற்றிக்கொள்ளலாம்.

ஸ்குவாட்டில், அதாவது தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவதில், எடை ஏற்றும் அவசரம் அடுத்தது. தட்டு மேல் தட்டாகப் போட்டுவிட்டுக் கால்வாசிதான் இறங்குவார்கள். எழும்போது இரண்டு முட்டியும் உள்ளே சாயும். எடையைக் குறைத்து, முட்டி பாதத்தின் திசையிலேயே போகிறதா என்று பாருங்கள். உதைப்பதும் தாவி இறங்குவதும் பெரும்பாலும் ஒற்றைக் காலில்தான். அதனால் லஞ்ச் (ஒரு காலை முன்னால் எடுத்துவைத்து முட்டி மடக்கி இறங்கி எழுவது), ஒற்றைக்கால் டெட்லிஃப்ட் (ஒற்றைக் காலில் நின்று இடுப்பிலிருந்து குனிந்து எடையோடு நிமிர்வது) இரண்டும் கட்டாயம் வேண்டும். கவட்டை வலி வருகிறவர்கள் உள்தொடைக்கான கோபன்ஹேகன் பயிற்சியையும் (பக்கவாட்டில் படுத்து, மேல்காலை நண்பர் பிடித்திருக்க, இடுப்பைத் தூக்கி இறக்குவது) சேர்க்கலாம்.

ஞாயிறு மேட்ச் என்றால் சனிக்கிழமை காலுக்குக் கடும் பயிற்சி வேண்டாம். புதிய பளுவின் வலி ஒன்று முதல் மூன்று நாள்வரை உச்சத்தில் இருக்கும். செவ்வாய், புதன் சரியான நாட்கள். மேட்ச் அன்று காயத்தைத் தடுக்க ஃபிஃபா வகுத்த 11 பிளஸ் என்ற வார்ம் அப்பில் உள்ள ஓட்டப் பகுதிகள் மட்டும் போதும். முழுசாகச் செய்தால் 20 நிமிடம் ஆகும். அதைப் பயிற்சி நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டோர்னமெண்ட் சீசன் ஆரம்பித்ததும் ஜிம்மையே நிறுத்துவது பெரிய தவறு. சேர்த்த பலம் சில வாரங்களில் கரைய ஆரம்பிக்கும், காயம் வரும் காலமும் அதுதான். வாரம் ஒரு நாள், எடையைக் குறைக்காமல் செட்டை மட்டும் குறைத்துச் செய்தால் பலம் பெரும்பாலும் நிற்கும்.

"வெயிட் தூக்கினா உயரமாக மாட்டான்" என்று பள்ளிப் பையன்களைத் தடுக்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. கோச் பக்கத்தில் நிற்க, உடல் எடையில் தொடங்கி, முறை படிந்தபின் ஏற்றினால் போதும்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகுக் களி நல்ல உணவு, கால்சியமும் நிறைய. ஆனால் அதில் புரதம் குறைவு. களியும் கீரையும் மட்டும் தின்று தசை ஏறவில்லையே என்று பவுடர் டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். கொள்ளுக் கடைசலும் இரண்டு முட்டையும் கூடச் சேரட்டும்.

ஓசூரில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டு ஆடுகிறவர்கள் நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு ஜிம்முக்குப் போகிறார்கள். தூக்கமில்லாத உடம்போடு கனமான எடையைத் தூக்குவது ஆபத்து. அன்றைக்கு முதலில் தூங்குங்கள். நைட் ஷிஃப்ட் வாரம் முழுக்கவே செட்டைப் பாதியாக்கி, நன்றாகத் தூங்கி எழுந்தபின் சாயங்காலத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.