தெருவுக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: சஸ்பென்ஷன் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு, அதே காரில் பூந்தமல்லி நெரிசலைக் கடந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயம்புத்தூரில் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய் வருகிறவர்களுக்கும் பொருந்தும். வேறொரு வண்டியில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோகிற ரேஸ் காரின் கணக்கு வேறு. மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டிய காரின் கணக்கு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் செய்த செலவில் பெரும்பகுதி வீணாகிறது.

பேச வசதியாக, நம்மூரில் இந்த வேலைக்கு அதிகம் வருகிற வண்டிகளையே எடுத்துக்கொள்வோம்: ஸ்விஃப்ட், போலோ, ஐ20. மூன்றிலும் முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்). மூன்றும் முன்சக்கர இழுவை.

உயரத்தைக் குறைப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொள்வது

இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள், அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. இரண்டும் வேலை செய்ய இடம் வேண்டும். கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே ஏறக் கிடைக்கும் இடமும், பள்ளத்தில் கீழே இறங்கக் கிடைக்கும் இடமும் சேர்ந்ததுதான் சஸ்பென்ஷன் டிராவல். என்னைக் கேட்டால் ஒரு காரின் சஸ்பென்ஷனில் விலைமதிப்புள்ள பொருள் இதுதான். ஸ்பிரிங்கை, ஷாக்கை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். டிராவல் அந்த வண்டியின் வடிவமைப்பிலேயே அளந்து கொடுக்கப்பட்டது.

நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப்பை (சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டையை) தொட 80 மி.மீ. இருக்கும் ஒரு காரை, ஷாக்கை மாற்றாமல், 40 மி.மீ. இறக்கினால், மேலே ஏறும் இடத்தில் சரிபாதி போய்விடுகிறது. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெதுவான மேடாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் உள்ளூர்க்காரர்கள் போட்ட வேகத்தடைகள் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்: அகலம் குறைவு, சரிவு செங்குத்து. அவற்றில் முதலில் அடிபடுவது அடித்தளம் அல்ல, பம்ப் ஸ்டாப். அடுத்து ஸ்ட்ரட்டின் மேல்முனையை உடலோடு இணைக்கும் ஸ்ட்ரட் மவுண்ட். அதற்கடுத்து ஷாக்கின் சீல்.

தெருவில் கஷ்டம், டிராக்கில் லாபம் என்றாவது சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் மேலே ஏறுகிறது. இடம் குறைவாக இருந்தால் வளைவின் நடுவிலேயே பம்ப் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிடும். அந்த நொடியில் அந்த மூலையின் விறைப்பு பலமடங்கு ஏறுகிறது, டயர் பிடிப்பை இழக்கிறது. முன்னால் நடந்தால் கார் திரும்பாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகும். பின்னால் நடந்தால், அதுவும் வேகமான வளைவில் நடந்தால், வால் சட்டென்று வெளியே வீசும். எச்சரிக்கையே இருக்காது.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. மெக்ஃபெர்சன் அமைப்பில் லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரின் உடலோடு இணைக்கும் கை, உடல் பக்கத்திலிருந்து சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழே சரிந்திருக்கும். காரை அதிகம் இறக்கினால் அந்த ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிப் போய்விடும். அப்போது ரோல் சென்டர், அதாவது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தக் கற்பனைப் புள்ளி, காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். அந்தத் தூரம் கூடுவதால், உயரம் குறைந்த கார் முன்பைவிட அதிகமாகச் சாய முயல்கிறது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுவதால், மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் உள்ளும் புறமும் திரும்பும். கீழே இறக்கிய பிறகு கார் நெடுஞ்சாலையில் பதற்றமாக ஓடுகிறது என்று சிலர் சொல்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். லோயர் ஆர்மின் நுனியில் உள்ள பால் ஜாயின்ட்டை நீட்டித்துச் சரிசெய்யும் பாகங்கள் உண்டு. ஆனால் ஒரு தவறைச் சரிசெய்ய இன்னொரு செலவு ஏன்?

நமது ஹேட்ச்பேக்குகளின் தரை இடைவெளி 160-170 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. தெருவிலும் ஓட வேண்டிய காரில் 15 முதல் 25 மி.மீ. வரை குறைத்தால் போதும் என்பது என் கருத்து. குறைக்காமலே விட்டாலும் டிராக்கில் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். உயரம் குறைக்கும் ஐரோப்பிய கிட் வாங்கும்போது கவனம் வேண்டும். இங்கே விற்கும் பல கார்கள் நம் சாலைக்காக உயரம் கூட்டப்பட்டவை, பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு வேறு. பெட்டியில் '30 மி.மீ. குறையும்' என்று போட்டிருப்பது இங்கே அதற்கு மேலும் குறைக்கலாம்.

ஸ்பிரிங்கை வெட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம்தான் கூடும், உயரமோ அதைவிட மிக அதிகமாகக் குறையும். வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து விலகலாம். செய்யவே செய்யாதீர்கள்.

விறைப்பே வேகம் என்று நம்புவது

காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) விற்பவர் 'முன்னால் 8 கிலோ, பின்னால் 6 கிலோ' என்பார். மி.மீ.க்கு எத்தனை கிலோ என்பதுதான் அந்தக் கணக்கு. அந்த எண் உங்கள் காரில் என்ன செய்யும் என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முன்பக்க ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 300 கிலோ என்று வையுங்கள். ஸ்பிரிங் மி.மீ.க்கு 2.5 கிலோ என்றால், கார் தன் எடையிலேயே 120 மி.மீ. அமுங்கி நிற்கும். அந்த மூலை நொடிக்கு ஏறத்தாழ 1.4 முறை ஆடும். சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 வரை இருக்கும். 5 கிலோ ஸ்பிரிங் போட்டால் அமுக்கம் 60 மி.மீ., ஆட்டம் நொடிக்கு 2. எட்டு கிலோ போட்டால் அமுக்கம் 37 மி.மீ., ஆட்டம் 2.6 வரை போகும். அது டிராக்குக்கென்றே தயாரான காரின் எண்.

அமுக்கம் 37 மி.மீ. என்றால், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திப் பூட்டாத நிலையில், ஒரு பள்ளத்தில் சக்கரம் 37 மி.மீ. வரைதான் ஸ்பிரிங்கின் அழுத்தத்தோடு கீழே இறங்கும். அதைவிட ஆழமான பள்ளத்தில் டயர் அந்தரத்தில்தான். மழைக்காலத்துக்குப் பிறகான நம் சாலைகளில் டயர் தரையைத் தொடாத நேரத்தில் பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தெரு, டிராக் இரண்டுக்கும் சேர்த்து 1.7 முதல் 2 வரையான ஆட்டத்தை நான் பரிந்துரைப்பேன். இந்த எடைக்கு மி.மீ.க்கு 3.5 முதல் 5 கிலோ. அதற்கு மேல் ஏற்றுவது வழுவழுப்பான பந்தயத் தடத்துக்கும் வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயருக்கும் மட்டுமே நியாயம்.

வேறு காரின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு, ஸ்பிரிங் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மெக்ஃபெர்சனில் சக்கரத்தின் அசைவும் ஸ்பிரிங்கின் அசைவும் கிட்டத்தட்டச் சமம். மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் டபுள் விஷ்போன் காரில் சக்கரம் 100 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 65 மி.மீ. மட்டும் அமுங்கலாம். அப்போது சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு 0.65-இன் வர்க்கம், அதாவது ஸ்பிரிங் எண்ணில் 42 சதவீதம்தான். அந்தக் காருக்கு 10 கிலோ சரியாக இருந்தது என்பதால் உங்கள் ஸ்விஃப்டுக்கும் 10 கிலோ என்பது பொருந்தாது.

ஸ்பிரிங்குக்குச் செலவழித்து, ஷாக்கில் மிச்சம் பிடிப்பது

60,000 கி.மீ. ஓடிய பழைய ஷாக்கின் மேல் புது லோயரிங் ஸ்பிரிங். நம்மூரில் இது சர்வசாதாரணம். ஸ்பிரிங்கின் விறைப்பு இரண்டு மடங்கானால், ஆட்டத்தை முன்போலவே அடக்க ஷாக்கின் பலம் ஏறத்தாழ 40 சதவீதம் கூட வேண்டும். கூடாவிட்டால் கார் வேகத்தடையைத் தாண்டிய பிறகும் குதித்துக்கொண்டிருக்கும். டிராக்கில் இடம் வலம் என்று அடுத்தடுத்து வரும் வளைவுகளில் முதல் வளைவின் ஆட்டம் அடங்குவதற்குள் இரண்டாவது வந்துவிடும்.

பட்ஜெட் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு நல்ல ஷாக்கை மட்டும் வாங்குங்கள். டிராவல் குறையாது, கட்டுப்பாடு கூடும், தெருவில் வசதியும் பெரிதாகக் கெடாது. எல்லாரும் ஸ்பிரிங்கிலிருந்து தொடங்குவது அது கண்ணுக்குத் தெரிவதால்தான்.

வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். பில்ஸ்டைனில் பி6 என்பது கம்பெனி உயரத்துக்கானது, பி8 என்பது உயரம் குறைத்த காருக்காக நீளம் குறைக்கப்பட்டது. இறக்கிய காரில் முழுநீள ஷாக்கைப் போட்டால் மேலே சொன்ன பம்ப் ஸ்டாப் கதைதான் திரும்பவும் நடக்கும்.

'32 லெவல் அட்ஜஸ்ட்மென்ட்' என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். மலிவான காயில்ஓவர்களில் ஒரே குமிழ் அமுங்குவதையும் விரிவதையும் சேர்த்தே மாற்றும். பாதிக்கு மேற்பட்ட சொடுக்குகளில் வித்தியாசமே தெரியாது, இடது ஷாக்கும் வலது ஷாக்கும் ஒரே சொடுக்கில் ஒரே பலம் கொடுக்கும் என்ற உறுதியும் இல்லை. சொடுக்கு எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். ஷாக்கின் பலத்தை இயந்திரத்தில் அளந்து காட்டும் ஷாக் டைனோ வரைபடம் இருக்கிறதா, சீல் போனால் இந்தியாவிலேயே பிரித்துச் சரிசெய்ய ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். கடலோரத்தில் வாழ்கிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: ஷாக்கின் வெளிக்கூடு துருப்பிடிக்குமா? உயரம் மாற்றும் மரையில் மணலும் உப்பும் ஏறி இறுகிவிட்டால், அட்ஜஸ்டபிள் என்று வாங்கியது அசையாத பொருளாகிவிடும்.

ஆன்டி ரோல் பாரின் கணக்கைத் தெரியாமல் போடுவது

ஆன்டி ரோல் பார் என்பது இடது, வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 20 மி.மீ. பாரை 22 மி.மீ. ஆக்கினால் 10 சதவீதம் கூடும் என்று தோன்றும். உண்மையில் 46 சதவீதம். முன்சக்கர இழுவைக் காரில் முன்பாரை இப்படித் தடிமனாக்கினால், அடிப்படையிலேயே நேராகத் தள்ளும் கார் இன்னும் தள்ளும். வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்சக்கரம் வீணாகச் சுழலும். திரும்புதல் வேண்டுமென்றால் பின்பக்கத்தை விறைப்பாக்க வேண்டும். டார்ஷன் பீமே ஓரளவு பாரின் வேலையைச் செய்கிறது, அதோடு சேர்த்துப் பொருத்தும் கூடுதல் பார்கள் உண்டு. ஆனால் பின்பக்கம் அளவுக்கு மீறி விறைத்தால், ஈரச் சாலையில் வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரை விட்டதும் வால் ஆடும். குடும்பத்தில் வேறு யாரும் அந்தக் காரை ஓட்டுவார்கள் என்றால் இதில் அடக்கம் தேவை.

டயரையும் பிரேக்கையும் விட்டுவிட்டுத் தொடங்குவது

முதல் சில டிராக் நாட்களுக்கு நல்ல டயர், நல்ல பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில், இவையே போதும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரப்பதம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். ஆயில் கொதித்து பிரேக் பெடல் தரையைத் தொட்டுவிட்டால் எந்த ஸ்பிரிங்காலும் காப்பாற்ற முடியாது. இவற்றோடு சில நாட்கள் ஓட்டினால்தான் சஸ்பென்ஷனிடம் என்ன கேட்க வேண்டும் என்பதே உங்களுக்குத் தெரியவரும்.

அலைன்மென்ட்டைக் கடைசி வேலையாக நினைப்பது

மிகக் குறைந்த செலவில் மிக அதிக பலன் தருவது கேம்பர்தான், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம். மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் அது நெகட்டிவ். கம்பெனிக் கார்கள் பெரும்பாலும் அரை டிகிரி நெகட்டிவ் கேம்பருக்கு அருகில் வருகின்றன. டிராக்கில் வெளிப்பக்கத் தோள் தேய்ந்து டயர் வீணாவது இதனால்தான். கேம்பர் போல்ட் அல்லது கேம்பர் பிளேட் போட்டு முன்னால் 1.5 முதல் 2 டிகிரி நெகட்டிவ் வையுங்கள், டோவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவை) பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். தெருவிலும் டயர் தாங்கும். உள்விளிம்பு சீக்கிரம் தேய்வதற்குக் கேம்பர்மீது பழி போடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி கேம்பரோடு சேர்ந்த டோ-அவுட், அதாவது முன்பக்கம் வெளியே திரும்பியிருப்பது. ஸ்ட்ரட் மவுண்ட்டில் ரப்பருக்குப் பதில் பில்லோ பால் என்ற உலோக மூட்டு உள்ள பிளேட் போட்டால் சத்தமும் வரும், தூசியில் சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

காகித வேலை

வண்டியைப் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. மாற்றங்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வழக்கமான தனியார் கார் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். டிராக் நாளில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் வராது என்று வைத்துக்கொண்டே போங்கள்.

பொருத்தும்போது

சரியான பாகம் வாங்கியவர்களும் இந்த இடத்தில் கோட்டை விடுகிறார்கள். கார் லிஃப்டில், சக்கரங்கள் தொங்கும் நிலையில் லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டையும் பின் பீமின் போல்ட்டையும் முழுக்க இறுக்கிவிடுவார்கள். காரை இறக்கியதும் அந்த ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் தவறாக நிற்கும். முதலில் லேசாக இறுக்கி, காரின் எடை சக்கரங்களின்மேல் இறங்கிய பிறகே கையேட்டில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் விசையளவுக்கு) இறுக்கச் சொல்லுங்கள். சில நூறு கி.மீ. ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடையை வைத்து, மறுபடி அலைன்மென்ட் பாருங்கள். அந்த எண்களை எழுதி டேஷ்போர்டில் வைத்தால், அடுத்த டிராக் நாளுக்குப் பிறகு எது மாறியிருக்கிறது என்பதைப் பார்த்ததும் சொல்லிவிடலாம்.