“சிவிவியை நாங்கள் சேமிப்பதே இல்லை” என்று சொல்வதற்கு முன்

ஆன்லைன் கடைகளுக்குக் கார்டு பேமென்ட் இணைத்துக் கொடுப்பது என் வேலை. புதிதாக வருபவர்கள் எழுதிய கோடைத் திறந்தால், நான் பட்ட அதே அடியை இவர்களும் படப்போகிறார்களே என்று மனம் பதைக்கிறது. பாஸ்வேர்டை மாற்றுங்கள், சர்வரை அப்டேட் செய்யுங்கள் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிட்டு, அதிகம் பேசப்படாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

லாகில் கிடக்கும் கார்டு எண்

பேமென்ட்டுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால், அதன் பிறகு வணிகர் சிவிவியை, அதாவது கார்டில் அச்சிட்டிருக்கும் பாதுகாப்பு எண்ணை, வைத்திருக்கக் கூடாது. கார்டு விவரங்களைக் கையாள்பவர்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்புத் தரத்தின் விதி இது. என்கிரிப்ட் செய்து வைத்தாலும் தவறுதான், வாடிக்கையாளரே சம்மதித்தாலும் தவறுதான். விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர், ஜேசிபி ஆகிய ஐந்தும் சேர்ந்து 2006-இல் அமைத்த கவுன்சில் இந்த விதிகளைப் பராமரிக்கிறது. அதனால் எந்த கார்டு வந்தாலும் இதிலிருந்து தப்ப வழியில்லை.

எங்கள் டேட்டாபேஸில் சிவிவிக்கு இடமே கிடையாது. அதை நம்பித்தான் “சேமிப்பதே இல்லை” என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு பேமென்ட் தோற்றால் காரணம் தெரிய வேண்டுமே என்று, வந்த ரிக்வெஸ்டை முழுசாக லாகில் (சர்வரில் நடப்பதைக் குறித்துவைக்கும் கோப்பில்) எழுதும் ஒரு வரியைக் கோடில் சேர்த்திருந்தேன். டெஸ்ட்டில் 4111 1111 1111 1111 என்ற சோதனை எண்தான் வந்து விழுந்தது. யாருக்கும் உறுத்தவில்லை. அந்த வரி அப்படியே லைவுக்குப் போய்விட்டது.

பல மாதம் கழித்து வேறு ஏதோ பிழையைத் தேடி லாகைத் திறந்தேன். நேரம், ஆர்டர் எண், அதை ஒட்டிப் பதினாறு இலக்கம், காலாவதி மாதம், கடைசியில் மூன்று இலக்கம். யாரோ ஒருவருடைய நிஜமான கார்டு. ஸ்க்ரோல் செய்யச் செய்ய இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று.

வரியை நீக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் உயிரை வாங்கியது. லாக் தினமும் இரவில் பேக்கப்புக்குப் போயிருக்கிறது. பிழைகளைத் திரட்டும் வெளிச் சேவை ஒன்றுக்கும் அதே ரிக்வெஸ்ட் போயிருக்கிறது. இரண்டு டெவலப்பர்கள் லாகை லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தார்கள், ஒருவர் சப்போர்ட் டிக்கெட்டில் ஒட்டியிருந்தார். கார்டு எண் கிடக்கும் இடமெல்லாம் பிசிஐ விதிகளின் வரம்புக்குள் வந்துவிடும். அத்தனையையும் தேடித் துடைக்க வேண்டும். அக்வயரரிடம், அதாவது நமக்காகக் கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் வங்கியிடம், ஒப்புக்கொள்ள வேண்டும். எதுவும் வெளியே கசியவில்லை என்று காட்டும் பொறுப்பும் நம் தலையில்தான்.

இதற்கெல்லாம் வேர், கார்டு எண் எங்கள் சர்வருக்கு வந்ததுதான். பக்கத்தின் அழகு கெடக் கூடாது என்று சொந்த ஃபார்ம் கட்டினோம். கேட்வே (பேமென்ட்டை நடத்தித் தரும் நிறுவனம்) தரும் ஐஃப்ரேமையோ (நம் பக்கத்துக்குள் திறக்கும் அவர்களுடைய ஃபார்ம்) அவர்களுடைய பேமென்ட் பக்கத்தையோ வைத்திருந்தால் எண் நேராக அவர்களிடம் போகும், நம் கைக்குக் கார்டு எண்ணுக்குப் பதிலான டோக்கன் மட்டும் வரும். எஸ்ஏகியூ ஏ என்ற சிறிய சுயமதிப்பீட்டுப் படிவத்தோடு முடிந்துவிடும். சொந்த சர்வர் வழியாக அனுப்பினால் எஸ்ஏகியூ டி. அதில் கேள்விகள் நூற்றுக்கணக்கில் வரும். இன்றும் யாராவது “ஃபார்மை நாங்களே செய்துகொள்கிறோம்” என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொரு பதிலும் அடிக்கடி கேட்கிறேன்: “கார்டு எண்ணை ஹாஷ் செய்துதான் வைத்திருக்கிறோம்.” ஹாஷ் என்றால் எண்ணைத் திருப்ப முடியாத வேறொரு குறியீடாக மாற்றுவது. பக்கத்திலேயே முதல் 6 இலக்கமும் கடைசி 4 இலக்கமும் தெரிகிற மாதிரி வைத்திருப்பார்கள். பதினாறு இலக்க எண்ணில் மிச்சம் ஆறுதான். 10 லட்சம் சாத்தியங்கள். கார்டு எண்ணின் கடைசி இலக்கம் லூன் என்ற சரிபார்ப்புக் கணக்குக்குப் பொருந்த வேண்டும் என்பதால் அதுவும் 1 லட்சமாகச் சுருங்கிவிடும். ஒவ்வொன்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு, சாதாரண லேப்டாப்பே நொடியில் முடித்துவிடும். இதனால்தான் ரகசியச் சாவி சேர்த்த ஹாஷ் வேண்டும் என்று பிசிஐ டிஎஸ்எஸ் தன் 4.0 பதிப்பில் விதி கொண்டுவந்தது. 2025 மார்ச் 31 முதல் அது கட்டாயம்.

லாகுக்கு என் வழி: எந்தப் புலங்களை (ஃபீல்டுகளை) எழுதலாம் என்று பட்டியல் போடுங்கள், மற்றதெல்லாம் விழக் கூடாது. மறைக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டால், நாளை யாரோ ஒரு புலத்தின் பெயரை மாற்றும்போது அது வெளியே வந்துவிடும். மாதம் ஒருமுறை லாகையும் பேக்கப்பையும் லூன் கணக்கு வைத்து அலசிப் பாருங்கள். டெஸ்ட் எண் ஒன்று சிக்கினாலும் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

சார்ஜ்பேக் வந்த பிறகு ரீஃபண்ட்

வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்ப எடுப்பதுதான் சார்ஜ்பேக். அது வந்த பிறகு பதற்றத்தில் ரீஃபண்டும் கொடுத்தால் பணம் இரண்டு முறை போகும். ரீஃபண்ட் கொடுப்பதென்றால் சார்ஜ்பேக் வருவதற்கு முன்னால் கொடுங்கள். வாதாடி வென்றாலும் அந்த சார்ஜ்பேக், கார்டு நிறுவனம் வைத்திருக்கும் எண்ணிக்கையிலிருந்து கழியாது. மாஸ்டர்கார்டு இந்த மாத சார்ஜ்பேக்குகளைப் போன மாத விற்பனை எண்ணிக்கையால் வகுக்கிறது; 100 சார்ஜ்பேக்கும் 1.5 சதவீதமும் சேர்ந்தால் கண்காணிப்புக்குள் போய்விடுவீர்கள். விற்பனை கொட்டிய மாதத்தின் புகார்கள் இரண்டு மாதம் கழித்து வரும். அப்போது வகுக்கக் கிடைப்பது மந்தமான மாதத்தின் எண்ணிக்கை. ஆஃபர் போடும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

வாடிக்கையாளரின் கார்டு ஸ்டேட்மென்ட்டில் தெரியும் பெயர்

கம்பெனியின் பதிவுப் பெயரைப் போடாதீர்கள். வாடிக்கையாளருக்குத் தெரிந்த கடைப் பெயரைப் போடுங்கள்.

மறுக்கப்பட்ட கார்டை மறுபடி முயல்வது

விசாவில் 30 நாளில் 15 முறை, அவ்வளவுதான். தொலைந்த கார்டு, திருடுபோன கார்டு என்று பதில் வந்தால் ஒரு முறைகூடக் கூடாது.

வேறொருவர் விற்பனையை உங்கள் அக்கவுண்டில் ஓட்டுவது

எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் வேண்டாம். அக்வயரர் கணக்கை மூடி மேட்ச் என்ற, கணக்கு மூடப்பட்ட வணிகர்களின் மாஸ்டர்கார்டு பட்டியலில் ஏற்றினால் 5 ஆண்டு அங்கேயே இருக்கும். புதுக் கம்பெனி தொடங்கியும் பயனில்லை, உரிமையாளரின் பெயரும் அதில் இருக்கிறது.