ஏசி ப்ளோயர் கத்துகிறதா? மோட்டாரை மாற்றுமுன் இதைப் பாருங்கள்

மார்கழி, தை முழுக்க ஓடாமல் கிடந்த ஸ்ப்ளிட் ஏசியை மாசிக் கடைசியில் போட்டதும் உள் யூனிட் 'க்ரீச்' என்று கத்துவது வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் சகஜம். உப்புக்காற்று ஒரு பக்கம், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் கரும்புழுதி இன்னொரு பக்கம். வந்து பார்க்கிறவர் பேனலைக்கூடக் கழற்றாமல் "மோட்டார் போச்சு சார்" என்பார். உடனே தலையாட்டாதீர்கள். பல நேரம் கெட்டிருப்பது, உள்ளே சுற்றிக் காற்றை வீசும் நீள உருளையான ப்ளோயரின் இடது முனையைத் தாங்கும் ரப்பர் புஷ். மோட்டார் விலைக்கு முன்னால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

முதலில் சத்தம் ப்ளோயருடையதுதானா என்று பிரித்தறிய வேண்டும். ரிமோட்டில் ஃபேன் மோட் போடுங்கள், கம்ப்ரசர் ஓடாது. இப்போதும் சத்தம் வந்தால் ப்ளோயர் பக்கம்தான் கோளாறு. கூல் மோடில் மட்டும் வந்தால் வெளி யூனிட்டின் அதிர்வாக இருக்கலாம், அல்லது ஃபில்டர் அடைத்தோ கேஸ் குறைந்தோ காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதி) பனி கட்டி அது ப்ளோயரில் உரசலாம். அப்படியானால் ப்ளோயரைத் தொடாதீர்கள், பனிக்கான காரணத்தைத் தேடுங்கள். ஏசி போடும்போதும் அணைத்த பிறகும் வருகிற 'டக் டக்' பிளாஸ்டிக் சுருங்கி விரிவதால் வருவது, விட்டுவிடலாம்.

அடுத்து ஸ்பீடை மாற்றிக் கேளுங்கள். ஸ்பீடோடு சேர்ந்து சத்தமும் வேகமெடுத்தால் சுற்றுகிற பாகம். ஸ்பீடு மாறியும் ஒரே தாளத்தில் 'டிக் டிக்' என்றால் ஃப்ளாப்பை ஆட்டும் குட்டி மோட்டார். ஸ்விங்கை நிறுத்தினால் சத்தமும் நிற்கும்.

இனி எம்சிபியை, அதாவது ஏசிக்குக் கரண்ட் தரும் மெயின் சுவிட்சை, அணையுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது, ஏசிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் கரண்ட் இருக்கும். பத்து நிமிடம் விட்டு, ஃப்ளாப்பைத் திறந்து ப்ளோயரை விரலால் மெல்லச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் உரசினால் உடைந்த இதழோ, நகர்ந்த ப்ளோயரோ. சுற்று முழுக்க 'கரகர' என்று விரலில் தெரிந்தால் மோட்டார் பேரிங். லேசாகச் சுற்றியும் ஓடும்போது யூனிட்டே அதிர்ந்தால் இதழ்களில் அழுக்கு ஒரு பக்கமாக ஏறியிருக்கும். காய்ந்த 'கீச்' இடது ஓரத்திலிருந்து வந்தால் புஷ். 'ம்ம்ம்' என்று முனகி மெதுவாகக் கிளம்பினால் மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர். பழையதன் மேல் போட்டிருக்கிற அதே மைக்ரோஃபாரட்டில் வாங்குங்கள்.

புஷ்ஷுக்குத் தையல் மிஷின் ஆயில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். உள்ளே ஊறியிருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும், ரப்பரும் கெடும். எண்ணெய் விட்டதும் சத்தம் நின்றால் குற்றவாளி புஷ்தான் என்று உறுதி. ஆனால் அந்த அமைதி நிலைக்காது, புதுசு வாங்கிவிடுங்கள். பழையதைக் கையில் எடுத்துப் போய்க் கடையில் அளவு பார்த்து வாங்குவதே சரி.

ப்ளோயரைக் கழற்றுவதில் எல்லோரும் மாட்டுவது ஒரே ஒரு ஸ்க்ரூவில். மோட்டார் ஷாஃப்டையும் ப்ளோயரையும் இணைக்கிற அந்த கிரப் ஸ்க்ரூ வலது ஓரத்தில், இதழ்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். ப்ளோயரைச் சுற்றிக்கொண்டே டார்ச் அடியுங்கள். ஓர் இடத்தில் மட்டும் இதழ் இடைவெளி அகலமாக இருக்கும், அதற்கு நேர் உள்ளேதான் ஸ்க்ரூ. கடலோர வீடுகளில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். பத்து இன்ச் நீளமுள்ள, காந்த முனை கொண்ட, தேயாத ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். தேய்ந்த டிரைவரால் தலை வழுக்கிவிட்டால் அதோடு வேலை நின்றது. முழுக்கக் கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். ப்ளோயரை வெளியே எடுக்கக் காயிலின் இடது முனையைத் தூக்கும்போது இரண்டு விரல் அகலத்துக்கு மேல் தூக்காதீர்கள். செம்புக் குழாய் மடிந்தால் கேஸ் போய்விடும்.

கழற்றுமுன் ப்ளோயரின் இரு முனைகளிலும் உள்ள இடைவெளியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது அதே இடைவெளி வர வேண்டும். இடது முனை புஷ்ஷில் முழுக்க உட்கார வேண்டும், பிறகு மோட்டார் கவரை மூடி இறுக்க வேண்டும், கிரப் ஸ்க்ரூ கடைசியில்தான். முதலிலேயே ஸ்க்ரூவை இறுக்கினால், கவரை மூடும்போது மோட்டார் ரப்பரில் அமுங்கி ப்ளோயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், சுவரில் உரசும். புது புஷ் போட்டும் சத்தம் போகவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில்தான் ஸ்க்ரூ உட்கார வேண்டும். உருண்டைப் பக்கத்தில் உட்கார்ந்தால் சில நாளில் வழுக்கும்.

வெளியே எடுத்த கையோடு ப்ளோயரைப் பாத்திர சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். சிலவற்றில் இதழில் சின்ன உலோக க்ளிப் மாட்டியிருக்கும். பேலன்ஸுக்காகக் கம்பெனியில் வைத்தது, பிடுங்கிப் போடாதீர்கள். நிழலில் காயவையுங்கள், மொட்டை மாடி வெயிலில் பிளாஸ்டிக் வளைந்துவிடும். ஓர் இதழ் உடைந்திருந்தாலும் பசை போட்டு ஒட்டாதீர்கள், அந்த எடையே ப்ளோயரை ஆட்டும்.

பிறகு சேர்த்தது: இன்வெர்ட்டர் ஏசியிலும் கெப்பாசிட்டர் மாற்றலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பிஎல்டிசி (டிசி கரண்டில் ஓடும், பிரஷ் இல்லாத) மோட்டார் உள்ள மாடல்களில் மோட்டாருக்கென்று தனி கெப்பாசிட்டர் கிடையாது. அந்த மோட்டாருக்குப் போவது 310 வோல்ட் அளவிலான டிசி. கரண்ட் இருக்கும்போது அதன் கனெக்டரைப் பிடுங்கினால் மோட்டாரும் போர்டும் சேர்ந்தே போகும். அணைத்த பிறகும் போர்டில் கரண்ட் தேங்கியிருக்கும், பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னது அதற்குத்தான். இடது புஷ், ப்ளோயர் இடைவெளி, அழுக்கு மூன்றும் இவற்றிலும் அப்படியே பொருந்தும். போர்டு வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.