தொலைநிலை வேலைக்கு மென்பொருள் தேர்வு: டெமோவில் தெரியாத தவறுகள்

மென்பொருள் விற்பவர் காட்டும் டெமோவில் எதுவும் தடுமாறாது. அங்கே இணையம் வேகமாக இருக்கும், தரவு சுத்தமாக இருக்கும், இயக்குபவருக்கு எந்தப் பொத்தான் எங்கே என்பது மனப்பாடம். அதைப் பார்த்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. வசதிப் பட்டியலை வைத்துப் பார்த்தால் எல்லா மென்பொருளும் ஒன்றுபோலத்தான் தெரியும். தரவு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும், ஆள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும்தான் வித்தியாசம் வெளிப்படும். இலவசச் சோதனைக் காலத்தை இதற்குச் செலவிடுங்கள். குழுவிலேயே இணையம் மெதுவாக உள்ளவர் அந்தச் சோதனையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

தரவு மாற்றத்தில் நடக்கும் சேதம் பெரும்பாலும் உடனே கண்ணில் படாது. பழைய கணக்கு மென்பொருளிலிருந்து தரவை சிஎஸ்வி கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்து, எக்செலில் திறந்து பார்த்துவிட்டுச் சேமிப்பார்கள். அவ்வளவுதான், பூஜ்யத்தில் தொடங்கும் வாடிக்கையாளர் எண்களில் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். 03/04 என்பது மார்ச் 4 ஆகவும் வரலாம், ஏப்ரல் 3 ஆகவும் வரலாம். கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது அது. எல்லா மொழி எழுத்துகளையும் காக்கும் யூடிஎஃப்-8 வடிவில் சேமிக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும், அசல் கோப்பு கையில் இல்லையென்றால் மீட்க வழியில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் இன்னும் சிக்கலானவை. அவற்றுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் படிக்கவும் முடியாது, தமிழில் தேடினால் அகப்படவும் செய்யாது. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

பெரிய அமைப்புகளும் இதில் விழுந்திருக்கின்றன. 2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் ஏறத்தாழ 16,000 கோவிட் தொற்றுகள் கணக்கில் விடுபட்டுப் போயின. எக்செலின் பழைய கோப்பு வடிவமான எக்ஸ்எல்எஸ் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது என்பதுதான் காரணம்.

ஆகவே சோதனைக்குப் புதிய, ஒழுங்கான பதிவுகளைக் கொடுக்காதீர்கள். இருப்பதிலேயே பழைய 200 பதிவுகளை ஏற்றிப் பாருங்கள். வரிசைகளின் எண்ணிக்கையும் தொகைப் பத்தியின் கூட்டலும் இரு பக்கமும் பொருந்த வேண்டும். பிறகு ஏதாவது பத்துப் பதிவுகளை எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அதே கையோடு எல்லாவற்றையும் வெளியே எடுத்தும் பாருங்கள். ‘ஏற்றுமதி உண்டு’ என்று சொல்லும் பல மென்பொருள்களில் வெறும் அட்டவணை மட்டும் வரும். இணைப்புக் கோப்புகள், குறிப்புரைகள், யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு எதுவும் வராது. சந்தாவை நிறுத்தியபின் எத்தனை நாள் தரவை வைத்திருப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இலவசத் திட்டத்தை நம்பி அலுவலகத்தையே அதில் நடத்துவதும் ஆபத்து. அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் உரையாடல்தான் தெரியும். ஓராண்டைத் தாண்டியவை அழிக்கப்படுகின்றன. வாடிக்கையாளரோடு செய்த ஒப்புதல்கள் அரட்டையிலேயே இருந்தால் அவையும் அதோடு போகும்.

இனி, ஆட்கள் உள்ளே வரும் வழி. அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து இயக்க ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை (கணினிக்குள் இணைப்பு நுழையும் வாசல்) இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவது தயவுசெய்து வேண்டாம். தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் அந்தப் போர்ட்டைத் தேடிக் கடவுச்சொற்களை முயன்றுகொண்டே இருக்கின்றன. விபிஎன் (இணையம் வழியே அலுவலக வலையமைப்புக்குள் வரும் மறையாக்கப்பட்ட தனிவழி) போட்டுவிட்டால் கவலையில்லை என்பதும் சரியல்ல. 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைனுக்குள் தாக்குபவர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் வழியாகத்தான். அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. கடவுச்சொல் ஒன்றே போதுமானதாக இருந்தது. எல்லாக் கணக்குக்கும் இரண்டாம் கட்டம் வையுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட கைபேசியிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி மேல், அதையும்விடப் பாதுகாப்புச் சாவியோ (கணினியில் செருகும் சிறு கருவி) பாஸ்கீயோ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தில் இருக்கும் மின்சாவி) மேல்.

விபிஎன்னில் இன்னொரு குழி உண்டு. எல்லா இணையப் போக்குவரத்தும் அலுவலகம் வழியாகவே போகும்படி அமைத்துவிட்டு, வீடியோ கூட்டம் திக்குகிறது என்று மென்பொருளைக் குறை சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். ஒருவரின் வீடியோ அழைப்புக்குப் போகவும் வரவும் தலா 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) என்று வைப்போம். அவர் அனுப்புவது அலுவலகத்துக்குள் வந்து மறுபடி வெளியே போகிறது; அவருக்கு வருவதும் அப்படியே. ஆக, அலுவலக இணைப்பில் அவருக்காக மட்டும் ஒவ்வொரு திசையிலும் 4 எம்பிபிஎஸ். 20 பேர் கூட்டத்தில் இருந்தால் 80. பதிவேற்ற வேகம் 50 இருக்கும் இணைப்பு எப்படித் தாங்கும்? உள் சர்வருக்கான போக்குவரத்தை மட்டும் விபிஎன்னில் விட்டு, வீடியோவை நேராகப் போகவிடும் ஸ்ப்ளிட் டனல் அமைப்பே இதற்குத் தீர்வு.

கூகுள் டிரைவில் கோப்புகள் இருக்கின்றன, அதுவே காப்புப் பிரதி என்று நினைப்பதும் தவறு. ஒத்திசைவு என்பது நீங்கள் செய்த பிழையையும் ஒத்திசைக்கும். ஒருவரின் கணினியில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் பூட்டப்பட்ட கோப்பும் மேலேறிவிடும். டிரைவின் குப்பைத் தொட்டியில் அழித்த கோப்பு 30 நாள்தான் இருக்கும். தனி இடத்தில் தனிக் கணக்கில் ஒரு பிரதி வேண்டும்; மாதம் ஒருமுறையாவது அதிலிருந்து ஒரு கோப்புறையை மீட்டுப் பார்க்க வேண்டும்.

ஒருவர் வேலையை விடும்போது கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அவர் கைபேசிச் செயலியில் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு (லாகின்) சில மென்பொருள்களில் அப்படியே தொடரும். முதலில் கணக்கை முடக்கி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். அடுத்து அவர் பெயரில் உள்ள கோப்புகள், படிவங்கள், தானியங்கி வேலைகள் ஆகியவற்றின் உரிமையை வேறொருவருக்கு மாற்றுங்கள். கணக்கை நீக்குவது கடைசியில்தான். அவசரப்பட்டு நீக்கிவிட்டால் கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாளும் மைக்ரோசாஃப்ட் 365-இல் 30 நாளும் அவகாசம் உண்டு, அதற்குள் மீட்டுவிட வேண்டும்.