எலியின் கல்லீரலைக் காத்தது மூலிகைதானா? பாதுகாப்பு ஆய்வைத் திட்டமிடும் முறை

சேலம் வட்டாரத்தில் மருந்தியல் முதுநிலை படிக்கும் மாணவர் ஆய்வுத் தலைப்பைத் தேடத் தொடங்கினால், சேர்வராயன் மலையில் விளையும் ஒரு செடியின் சாறு எலியின் கல்லீரலைக் காக்குமா என்ற கேள்வி விரைவிலேயே அவர் முன் வந்து நிற்கும். மலை அருகில் இருக்கிறது, மஞ்சள் காமாலைக்குப் பச்சிலை கொடுக்கும் வழக்கம் வீடுகளில் இன்னும் மறையவில்லை, கல்லீரலைச் சேதப்படுத்தப் பயன்படும் பாராசிட்டமாலும் கார்பன் டெட்ராகுளோரைடும் பல ஆய்வகங்களில் கிடைக்கும். ஆனால் இந்த ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே விடை காண வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: நஞ்சு தாக்கிய கல்லீரலை மூலிகை காத்ததா, அல்லது மூலிகை இருந்ததால் அந்த மருந்து நஞ்சாக மாறவே இல்லையா? ஆய்வின் ஒவ்வொரு முடிவையும் இந்தக் கேள்வியைக் கொண்டே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாராசிட்டமால் தன் இயல்பான வடிவில் கல்லீரல் செல்களைக் கொல்வதில்லை. அதில் ஒரு சிறு பங்கை சைட்டோகுரோம் 2ஈ1 உள்ளிட்ட நொதிகள் நாப்கி என்னும் வீரியமான பொருளாக மாற்றுகின்றன. செல்லில் உள்ள குளூட்டாதையோன் அதைப் பிணைத்து அகற்றுகிறது. அளவு மீறிக் கொடுக்கும்போது குளூட்டாதையோன் தீர்ந்துபோய், எஞ்சிய நாப்கி மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் ஒட்டிச் செல்லைச் சாகடிக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடையும் பெரும்பாலும் இதே நொதிதான் உடைத்து, செல் சவ்வின் கொழுப்பைத் தாக்கும், எளிதில் வினைபுரியும் மூலக்கூறுத் துண்டாக (ஃப்ரீ ராடிக்கல்) மாற்றுகிறது. ஆகவே, நீங்கள் கொடுக்கும் சாறு இந்த நொதியைத் தடுத்தாலே போதும், இந்த இரண்டு நஞ்சுகளைக் கொண்டு உருவாக்கும் சேத மாதிரிகளிலும், கல்லீரல் சேதத்தை ரத்தத்தில் காட்டும் எஸ்ஜிபிடி நொதியின் அளவு குறைந்து, திசுப் படமும் நலமாகத் தெரியும். அதைப் பாதுகாப்பு என்று எழுதினால் வாசகரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கிறோம். நொதியைத் தடுக்கும் பொருள் மனிதரிடம் வேறு மருந்துகளின் சிதைவையும் குழப்பக்கூடும்.

இதைப் பிரித்தறிய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, சில விலங்குகளில் பாராசிட்டமால் கொடுத்த அரை மணி நேரத்திலேயே கல்லீரலின் குளூட்டாதையோனை அளப்பது. சாறு பெற்ற குழுவிலும் பெறாத குழுவிலும் அது ஒரே வேகத்தில் சரிந்திருந்தால், நாப்கி உருவாகியிருக்கிறது, நஞ்சு வந்து சேர்ந்திருக்கிறது என்று நம்பலாம். சாறு பெற்ற குழுவில் மட்டும் அது சரியாமல் நின்றால், மாற்றம் தொடக்கத்திலேயே தடைபட்டது என்று ஐயுற வேண்டும். இரண்டாவது வழி, சாற்றை நஞ்சுக்கு முன்னால் ஏழு நாள், பத்து நாள் என்று கொடுக்கும் வழக்கமான குழுவோடு நிறுத்தாமல், பாராசிட்டமால் கொடுத்து ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் கழித்து மட்டுமே சாறு பெறும் குழு ஒன்றையும் சேர்ப்பது. சுண்டெலியில் அதற்குள் நஞ்சாக்கம் பெருமளவு முடிந்திருக்கும். இந்த இரண்டாவது குழுவை நான் கட்டாயம் என்றே சொல்வேன், ஏனென்றால் மருத்துவமனைக்கு வரும் நோயாளி மாத்திரைகளை விழுங்கிய பிறகுதான் வருகிறார்.

நேரத்தை மறந்ததால் ஏற்பட்ட ஏமாற்றங்கள் கல்லீரல் ஆய்வோடு நிற்கவில்லை. நாய்களின் இதய ரத்தக் குழாயை ஐந்து ஐந்து நிமிடங்களாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, பிறகு 40 நிமிடம் அடைத்தால் தசைச் சேதம் பெரிதும் குறைகிறது என்று 1986இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியது மிகப் பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் மாரடைப்பு எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாத நோயாளிக்கு அதை அப்படியே கொடுக்க முடியவில்லை. நேரம் மட்டுமல்ல, ஆய்வை நடத்திய முறையும் ஏமாற்றலாம்: பக்கவாதத்தில் விலங்குகளின் மூளையைக் காத்த என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து, 2006இல் வெளியான முதல் பெரிய மனித ஆய்வில் சிறிது நம்பிக்கை தந்துவிட்டு, அடுத்த ஆண்டு வெளியான இன்னும் பெரிய ஆய்வில் பயனற்றதாகிப் போனது. அதன் விலங்கு ஆய்வுகளைத் திரும்பிப் பார்த்தவர்கள், சமவாய்ப்பு முறையில் குழு பிரிக்காமலும், குழுவை அறிந்தவர்களே அளந்தும் செய்யப்பட்டவை அவற்றில் இருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள்.

இனி விலங்கைப் பார்ப்போம். பாராசிட்டமால் மாதிரிக்கு வெள்ளை எலியைவிடச் சுண்டெலியே பொருத்தமானது. வெள்ளை எலி இந்த நஞ்சை எளிதில் தாங்கிக்கொள்வதால், அதில் சிறிய சேதத்தையே உண்டாக்க முடிகிறது, அந்தச் சிறிய சேதத்தைக் குறைத்துக் காட்டுவது பெரிய சாதனையும் ஆகாது. இரவு முழுவதும் பட்டினி போட்டால் குளூட்டாதையோன் இருப்புக் குறைந்து சேதம் கூடும் என்பதால், பட்டினி நேரம் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கூண்டில் பரப்பும் பொருளுக்கும் இதில் பங்கு உண்டு: தேவதாரு, பைன் போன்ற மரத்தூள் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடும், நம் பகுதியில் வழக்கமாகப் பயன்படும் நெல் உமியைத் தூசி நீக்கிப் பயன்படுத்தலாம், ஆய்வின் நடுவில் அதை மாற்றக் கூடாது. விலங்கு வீட்டின் வெப்பநிலை 18 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய வழிகாட்டுதல். சேலத்தின் சித்திரை, வைகாசி வெயிலில் மின்சாரம் நின்றுபோனால் இந்த எல்லை மதியத்துக்குள் மீறப்பட்டுவிடும், விலங்கு தீனி உண்பதும் குறைந்துவிடும். ஆகவே கோடையில் தொடங்குவதைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் குறித்து ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும்.

சாறு தண்ணீரில் கரையவில்லை என்றதும் டைமெத்தில் சல்பாக்சைடை எடுப்பது பலரின் வழக்கம். அந்தக் கரைப்பானே சைட்டோகுரோம் 2ஈ1 நொதியைத் தடுத்துப் பாராசிட்டமால் சேதத்தைக் குறைக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. அப்படியிருக்க, கரைப்பானில் கலந்த சாற்றை வெறும் தண்ணீர் பெற்ற நஞ்சுக் குழுவோடு ஒப்பிட்டால், கரைப்பானின் வேலை மூலிகையின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கரைசலில் கலக்கிக் கொடுப்பது பாதுகாப்பானது. நஞ்சு மட்டும் பெறும் குழுவுக்கும் அதே கரைசலை அதே அளவில் கொடுக்க வேண்டும். நஞ்சில்லாமல் சாறு மட்டும் பெறும் குழுவும் வேண்டும், ஏனென்றால் சில சாறுகள் தாமே கல்லீரலுக்குக் கெடுதல் செய்கின்றன. ஒப்பீட்டு மருந்தாக, மில்க் திஸில் என்னும் செடியிலிருந்து எடுக்கப்படும் சிலிமரினை வைப்பது மரபாகிவிட்டது. பாராசிட்டமால் மாதிரியில் அதைவிட அசிட்டைல் சிஸ்டைனை வைப்பதே முறை, மனிதருக்கு உண்மையில் கொடுக்கப்படும் நச்சுமுறி மருந்து அதுதான், விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது நன்றாக வேலை செய்கிறது.

செடியைப் பொறுத்தவரை, பெயரை மட்டும் நம்பக் கூடாது. கீழாநெல்லி என்று கடையில் விற்கப்படுவதில் ஃபில்லாந்தஸ் அமாரஸும் அதன் நெருங்கிய உறவுச் செடிகளும் கலந்திருக்கலாம். ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற பெயரில் இந்திய ஆய்வுகளில் வந்தவற்றில் பல, உண்மையில் வேறு இனங்களைப் பற்றியவை. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஃபில்லாந்தஸ் அமாரஸ் தூளால் கிருமி நீங்கியது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் அந்தப் பலனைக் காணவில்லை, வேறுபாட்டுக்குச் செடியின் இனமும் பறித்த இடமும் காரணமாக இருக்கலாமா என்ற விவாதமும் எழுந்தது. ஆகையால் பூவும் காயும் உள்ள மாதிரியை உலர்த்தி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற இடத்தில் அடையாளம் உறுதிசெய்து, மாதிரி எண்ணை ஆய்வேட்டில் எழுதுங்கள். ஏற்காட்டுக் காட்டுப் பகுதியில் பறிப்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். இந்த மலைக்கே உரிய அரிய செடிகள் அங்கே இருக்கின்றன, அவற்றை வேரோடு எடுப்பதை எந்த ஆய்வும் நியாயப்படுத்தாது. இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரிடமிருந்து செடியை அறிந்துகொண்டிருந்தால், அவர் அதை எப்படிக் கொடுக்கிறார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். மோரில் அரைத்துக் கொடுப்பதை மெத்தனாலில் ஊறவைத்துப் பிரித்து ஆராய்ந்தால், நீங்கள் ஆராய்ந்தது அவருடைய மருந்தை அல்ல.

எத்தனை விலங்கு என்பதை வழக்கத்தால் முடிவு செய்யாமல், எதிர்பார்க்கும் வேறுபாட்டையும் அளவுகளின் சிதறலையும் வைத்துக் கணக்கிட வேண்டும். தேவைக்கு மேல் கொல்வது தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். விடை சொல்ல முடியாத அளவுக்குக் குறைவாக வைத்து அத்தனையையும் வீணாகக் கொல்வதும் அதே தவறுதான். இந்தக் கணக்கை நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவிடம் தரும் விண்ணப்பத்திலேயே காட்டுங்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின்படி, குழுவின் ஒப்புதல் இல்லாமல் முதல் ஊசியைக்கூடப் போட முடியாது. துன்பம் எந்த நிலையை எட்டினால் விலங்கை வலியின்றிக் கொல்வது என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.

விலங்குகளைக் கணினி தரும் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பிரிக்க வேண்டும். கையில் முதலில் அகப்படும் எலி பெரும்பாலும் சோர்ந்த எலி. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால், கல்லீரல் சேதத்தைக் காட்டும் மற்றொரு நொதியான எஸ்ஜிஓடி பொய்யாக ஏறும், அத்தகைய மாதிரியை ஒதுக்கும் விதியை முன்பே எழுதி வையுங்கள். திசுச் சில்லுகளைக் குழுப் பெயர் இல்லாமல், எண் மட்டும் ஒட்டி நோயியல் மருத்துவரிடம் கொடுங்கள். சைட்டோகுரோம் 2ஈ1 நொதி மிகுந்திருப்பது மையச் சிரையைச் சுற்றிய பகுதியில் என்பதால் சேதமும் அங்கேதான் தொடங்கும். இறந்த பகுதி மொத்தப் பரப்பில் எத்தனை விழுக்காடு என்று நுண்ணோக்கியில் பல இடங்களில் அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். அழகான ஒரு படத்தை மட்டும் தேர்ந்து அச்சிடுவது சான்றாகாது.

முடிவை எழுதும்போது அளவை மனிதருக்கு மாற்றிப் பாருங்கள். வெள்ளை எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது, உடற்பரப்பு முறையில் வெள்ளை எலிக்குரிய எண்ணான 6ஆல் பெருக்கி மனிதருக்குரிய எண்ணான 37ஆல் வகுத்தால், மனிதருக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 32 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 2 கிராம் சாறு. சுண்டெலிக்கு 6க்குப் பதில் 3. அந்தச் சாறு எத்தனை கிலோ பச்சிலையிலிருந்து வந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துவிட்டு, முன்னால் கொடுத்த குழுவின் பலனையும் பின்னால் கொடுத்த குழுவின் பலனையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதுங்கள். பின்னால் கொடுத்ததில் பலன் இல்லையென்றால், அதைச் சுருக்கப் பகுதியிலேயே, முதல் பத்தியிலேயே, வெளிப்படையாக எழுதுங்கள்.