பழைய ஜீப்பின் ஸ்டியரிங் உதறுகிறதா? முதலில் டம்பரில் கை வைக்காதீர்கள்

60 கிலோமீற்றர் வேகத்தில் பாலத்து இணைப்பில் முன்சக்கரம் ஏறி இறங்குகிறது. உடனே ஸ்டியரிங் கையை உதறித் தள்ளுகிறது. வேகம் நன்றாகக் குறையும்வரை நிற்பதில்லை. பழைய லேண்ட் ரோவர், லேண்ட் குரூசர், பட்ரோல் மாதிரி முன்பக்கம் முழு அக்சில் (இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு) உள்ள வண்டிகளின் நோய் இது. கராச்சில் உடனே கிடைக்கும் வைத்தியம் புது ஸ்டியரிங் டம்பர், அதாவது ஸ்டியரிங்கின் ஆட்டத்தை அமுக்கும் ஷொக் அப்சோபர். டம்பர் உதறலை அமுக்கும், ஆனால் உதறலைக் கிளப்பும் லூஸை எடுக்காது. உதறல் அடங்கியிருக்கும் அந்தக் கொஞ்சக் காலத்துக்குள் தேய்ந்த மூட்டு இன்னும் தேய்ந்துவிடும்.

எல்லா நடுக்கத்தையும் ஒன்றாக நினைப்பது அடுத்த தவறு. 7.50-16 டயர் 80 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு ஏறக்குறைய 9 தடவை சுற்றும். அதே நேரத்தில் புரொப்பெல்லர் சாஃப்ட் (கியர் பக்கத்திலிருந்து அக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) அதைப்போல் நாலு மடங்கு சுற்றும். ஆகவே ஸ்டியரிங் தடதடவென்று ஆடினால் சக்கரத்தைப் பாருங்கள். தரையும் சீற்றும் 'ங்ங்' என்று அதிர்ந்தால் சாஃப்டைப் பாருங்கள். பிரேக் பிடித்தால் மட்டும் ஆடுகிறதென்றால் டிஸ்க் அல்லது ட்ரம் கோணியிருக்கிறது. ஃப்ரீ வீல் ஹப் (முன்சக்கரத்தை அக்சில் தண்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு) உள்ள வண்டியில், 2H-இல், அதாவது பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் கியரில், ஹப்பை லொக் பண்ணி ஒரு ஓட்டம், ஃப்ரீயாக்கி இன்னொரு ஓட்டம் ஓடிப் பாருங்கள். ஃப்ரீயில் அதிர்வு போனால் முன் சாஃப்ட் பக்கம் தேடலாம். சாஃப்டைக் கழற்றுமுன் இரண்டு துண்டிலும் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிளைனை (துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல்வரிசையை) மாற்றிப் பூட்டினால், இல்லாத அதிர்வு புதிதாக வரும்.

வட்டைக்குள் (வயலுக்குள்) போய் வந்த வண்டியை அப்படியே வீல் பலன்ஸுக்குக் கொண்டுபோவது நம்ம பக்கத்தில் அடிக்கடி நடப்பது. பலன்ஸ் ஈயம் 5 கிராம் கணக்கில் ஒட்டுவது. ரிம்மின் உட்பக்கத்தில் காய்ந்திருக்கும் களியோ ஒரு கைப்பிடி. ஈயம் ஒட்டிய மறுநாள் களி உதிர்ந்தால் கணக்கு முழுக்கப் பிழைத்துவிடும். ரிம்மை உள்ளும் புறமும் கழுவுங்கள். டயரில் பொம்மலோ வெடிப்போ உண்டா, ரிம் நெளிந்திருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓடினால் நடுக்கம் இடம் மாறுகிறதா என்பதும் செலவில்லாமல் தெரியும்.

ஜக் போட்டு மட்டும் லூஸ் தேடுவதுதான் பெரிய பிழை. தொங்கும் சக்கரத்தில் பாரமில்லை. பல மூட்டு இறுக்கமாகவே காட்டும். நாலு சக்கரமும் நிலத்தில் இருக்க, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக வெட்டட்டும். மற்றவர் டை ரொட் என்ட் (இரண்டு முன்சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் தண்டின் முனை மூட்டு), ட்ரக் லிங்க் (ஸ்டியரிங் பொக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு), ஸ்டியரிங் பொக்ஸ் போல்ட் ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத 'டக்' விரலுக்குத் தெரியும். கொயில் ஸ்பிரிங் வண்டியென்றால் பன்ஹாட் ரொட் (அக்சில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடிக்கும் தண்டு) புஷ்ஷில், அதாவது அதன் முனை இறப்பரில், நிதானமாக நில்லுங்கள். போல்ட் துளை முட்டை வடிவாகியிருந்தால் புது புஷ் போட்டும் பயனில்லை. அந்த போல்ட்டைக் கடைசியாக இறுக்குவதும் வண்டி நிலத்தில் நிற்கும்போதுதான். தூக்கி வைத்து இறுக்கினால் இறப்பர் முறுகிக் கிழியும்.

இதற்குப் பிறகு ஜக் போடலாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பெயாரிங். நிற்காவிட்டால் கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பெயாரிங். வாவித் தண்ணியிலோ கடற்கரை மணலிலோ ஓடிய வண்டியில் கிறீஸ் பால்போல் வெளுத்திருந்தால் இறுக்கிப் பயனில்லை, கழற்றிக் கழுவிப் பெயாரிங்கைப் பாருங்கள். கிங்பின் இறுக்கத்தைக் கைக்கணக்கில் விடவேண்டாம்: டை ரொட்டைக் கழற்றி, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை நக்கிள் ஆமில் (டை ரொட் பூட்டும் கையில்) கொழுவி இழுத்தால், திரும்பத் தொடங்கும் கிலோவை மனுவலில் சொன்ன அளவோடு ஒப்பிடலாம். குறைந்தால் ஷிம் தகடு (பெயாரிங் இறுக்கத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) குறைக்க வேண்டும்.

அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் பிறகு. லூஸான மூட்டில் எடுத்த டோ அளவு (முன்சக்கரங்கள் உள்ளோ வெளியோ சாய்ந்து பார்க்கும் அளவு) அடுத்த குழியில் மாறிவிடும். டை ரொட் நட்டை இறுக்கியபின் ஸ்பிளிட் பின் துளை நேர்வராவிட்டால் நட்டைப் பின்னுக்குத் தளர்த்தாதீர்கள். நட்டின் அடுத்த வெட்டு துளைக்கு நேர்வரும்வரை முன்னுக்கே இறுக்கிப் புதுப் பின் போடுங்கள்.