வேலூர் வெயிலில் கேக் முதல் மக்கன் பேடா வரை: நான் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம்

எங்கள் வீட்டு அடுப்படியில், கிழித்த தினசரி காலண்டர் தாள்களை ஒரு கிளிப்பில் மாட்டி வைத்திருக்கிறேன். தாளின் பின்பக்கத்தில் அன்று என்ன செய்தேன், எப்படி வந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி இருக்கும். மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் எது தேறியது, எது தேறவில்லை என்று தெரிந்துவிடும். போன மே மாதக் கட்டில் தேறாததுதான் அதிகம். வெண்ணெய் கேக் அடியில் களி. பன் கள்ளு வாசனை. பிரியாணி முதல் ஞாயிறு பொங்கல், மூன்றாவது ஞாயிறுதான் பிரியாணி. ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா எண்ணெயில் போட்டதும் கரைந்து காணாமலே போனது.

"டேய், உனக்குக் கைப்பக்குவம் கிடையாதுடா" என்பது அம்மாவின் தீர்ப்பு. அது பாதிதான் உண்மை என்று தாள்களைப் பார்த்தால் தெரிகிறது. மீதிப் பாதி, எந்தக் குளிர் ஊருக்கோ எழுதின குறிப்பை வேலூர் சத்துவாச்சாரி மாடி வீட்டில் அப்படியே நம்பிச் செய்தது.

வெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்' என்று எல்லாக் கேக் குறிப்பிலும் இருக்கும், எந்த அறை என்றுதான் இருக்காது. எழுதினவர் வீட்டு அறை 20 டிகிரியாக இருந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்குள் ஃபேன் ஓடியும் 37. காலையில் எடுத்து வெளியே வைத்த வெண்ணெய் பத்து மணிக்கெல்லாம் கிண்ணத்தில் குளமாகக் கிடந்தது, நானும் சர்க்கரையைக் கொட்டி இருபது நிமிடம் அடித்தேன், கை வலித்ததுதான் மிச்சம், வெளுக்கவே இல்லை. வெண்ணெய் கெட்டியும் இல்லாமல் உருகியும் போகாமல் மெத்தென்று இருந்தால்தான் சர்க்கரைப் பரல் அதில் குத்திக் குத்திச் சின்னச் சின்னக் காற்றறைகளை உண்டாக்கும், பிறகு ஓவனில் அந்தக் காற்றுதான் விரிந்து கேக்கை எழுப்பும். உருகின வெண்ணெயில் காற்று நிற்காது, எண்ணெய் தனியாகப் பிரிந்து அடிக்குப் போகும், நீங்கள் வெட்டும்போது கீழே அரை இன்ச்சுக்கு ஈரக் களி இருக்கும்.

இப்போது நான் செய்வது இதுதான்: வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சுண்டைக்காய் அளவு துண்டுகளாக வெட்டிப் பத்தே நிமிடம் வெளியில் வைக்கிறேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. அடிக்கிற பாத்திரமும் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கும். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் மே மாதத்தில் வெண்ணெய் கேக்கே வேண்டாம். எண்ணெய் ஊற்றிச் செய்கிற தயிர் கேக் செய்யுங்கள், அதற்குச் சித்திரையும் ஒன்றுதான் மார்கழியும் ஒன்றுதான்.

பன்னுக்கும் இதே கதை. ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவை ஒன்றரை மணி நேரம் மூடி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன், நடுவில் தூங்கியும் விட்டேன். எழுந்து பார்த்தால் மாவு பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, நடுவில் அமுங்கிக் கள்ளு வாசனை அடித்தது. நம் ஊர் கோடையில் அந்த மாவுக்கு முப்பது நாற்பது நிமிடமே தாராளம். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவை விரலால் குத்திப் பாருங்கள். பள்ளம் மெதுவாகப் பாதி மேலே வந்தால் சரி, சட்டென்று முழுசாக வந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் நேரம், அப்படியே நின்றுவிட்டால் காலம் கடந்துவிட்டது. இன்னொன்று, பாலைக் கொதிக்க வைத்து அந்தச் சூட்டிலேயே ஈஸ்டைப் போடுவது. 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். குழந்தைக்குப் புகட்டுகிற பதத்துக்குப் பால் ஆறியிருந்தால் போதும்.

இட்லி மாவை எட்டு மணி நேரம் வைக்கிறவர்களும் மே மாதத்தில் ஐந்து மணி நேரத்தில் திறந்து பாருங்கள். மிக்சியில் அரைக்கிறீர்கள் என்றால் ஐஸ் தண்ணீர் ஊற்றித்தான் உளுந்தை அரைக்க வேண்டும், மிக்சி சூடேறினால் மாவு அப்போதே புளிக்கத் தொடங்கிவிடும். புளித்துப் போச்சா? வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்றிவிடுங்கள், யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அப்புறம் இந்தக் கப். குறிப்பில் ஒரு கப் மைதா என்றால் பெரும்பாலும் 240 மில்லி கப். எங்கள் வீட்டில் 'கப்' என்று எல்லோரும் சொன்னது காபி குடிக்கிற எவர்சில்வர் டம்ளரை, அதில் தண்ணீர் ஊற்றி அளந்தால் 180 மில்லி. எல்லாவற்றையும் அதே டம்ளரில் அளந்தால்கூடப் பரவாயில்லை, விகிதம் மாறாது. நான் மைதாவை டம்ளரிலும் பாலை அளவு ஜாடியிலும் அளந்தேன், முட்டையையோ சுருக்கவும் முடியாது. போதாக்குறைக்கு, மைதாவை டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் ஒரு கப் 150 கிராம்கூட வரும், கரண்டியால் லேசாகப் போட்டு வழித்தால் 120 கிராம். இரண்டு கப்புக்கு 60 கிராம் கூடிவிட்டால் அது கேக் இல்லை, வறட்டி. ஒரு சின்ன எடை மெஷின் வாங்குங்கள். புது மோல்டு, புது எசன்ஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"ஏங்க, ரெண்டும் வெள்ளையாத்தானே இருக்கு" என்று என் மனைவி வாழைப்பழக் கேக்கில் பேக்கிங் பவுடருக்குப் பதிலாக அதே அளவு ஆப்ப சோடாவைப் போட்டது ஏப்ரல் தாளில் இருக்கிறது (இதைப் படித்தால் எனக்குச் சாப்பாடு கிடையாது). கேக் கருஞ்சிவப்பாக மாறிச் சோப்பு மாதிரி நாக்கில் நின்றது. சோடா கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகம். அது வேலை செய்யத் தயிரோ எலுமிச்சையோ வினிகரோ ஏதாவது ஒரு புளிப்பு வேண்டும், புளிப்புக்கு மிஞ்சின சோடாதான் சோப்பு ருசி. பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பு முன்பே கலந்திருக்கிறது. டப்பா பழசா என்று தெரிய, அரை ஸ்பூன் பவுடரை வெந்நீரில் போட்டால் பொங்க வேண்டும், சோடா என்றால் எலுமிச்சைச் சாறில். பொங்கவில்லை என்றால் குப்பைதான்.

குக்கர் கேக் செய்கிறவர்களுக்கு ஒன்று: கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுத்தான் மூட வேண்டும், உள்ளே தண்ணீர் ஊற்றக் கூடாது, அடியில் கல் உப்பைப் பரப்பிப் பத்து நிமிடம் சூடேற்றி, மாவை வைத்ததும் தீயைச் சிம்மில் வையுங்கள். தினம் பருப்பு வைக்கிற குக்கரை இதற்கு எடுக்காதீர்கள், வெறும் சூட்டில் அது சீக்கிரம் வீணாகும், ஓரமாகக் கிடக்கிற பழையது போதும். ஓவன் வைத்திருக்கிறவர்களுக்கோ கரண்ட் கவலை. முதல் கால் மணி நேரத்துக்குள் கரண்ட் போனால் கேக் அமுங்கிவிடும், ஒன்றும் செய்ய முடியாது. பாதிக்கு மேல் வெந்த பிறகு போனால் கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கிற சூட்டிலேயே பெரும்பாலும் வெந்துவிடும். பதறித் திறந்து பார்த்து நான் கெடுத்தது இரண்டு கேக்.

சரி, பிரியாணிக்கு வருவோம். ஆம்பூர் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பஸ் ஏறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆனாலும் வீட்டில் செய்து பார்க்கிற ஆசை விடவில்லை.

பாஸ்மதி பழக்கத்தில் சீரக சம்பாவை ஒரு மணி நேரம் ஊற வைத்தேன், இரண்டு கையாலும் அரக்கித் தேய்த்துக் கழுவினேன். பக்கத்து வீட்டு பாய் ஆம்பூர்க்காரர், எதற்கோ வந்தவர் பார்த்துவிட்டு, "தம்பி, அரிசிய ஏன் இப்பிடி அடிக்கிற?" என்றார். சிரித்துவிட்டு விட்டேன். அந்த ஞாயிறு நாங்கள் சாப்பிட்டது மட்டன் பொங்கல். அடுத்த வாரம் அவரே வந்து நின்றார். அரிசியை விரலால் அலசினால் போதும், ஊற வைப்பது இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி. நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வாயில் வைத்தால் நன்றாகக் கரிக்கிற அளவுக்கு உப்பு. அரிசி போட்ட நாலாவது நிமிடத்திலிருந்து அவர் கரண்டியை விட்டு நகரவே இல்லை. இரண்டு மணியை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கினார், ஓரமெல்லாம் மசிந்து நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி நின்றது. "இதான்" என்றார், அடுத்த நொடி வடித்தாயிற்று. அந்தப் புள்ளி தம்மில் வேக வேண்டியது, நாம் வேக வைக்க வேண்டியது இல்லை.

எங்கள் இரண்டாவது தவறு கறியில் இருந்தது. குழம்பு மாதிரித் தண்ணீர் விட்டிருந்தேன், ஆகவே அந்த வாரமும் அடியில் குழைந்தது, மேலே மட்டும் உதிரி. அரிசியைச் சேர்க்கும்போது எண்ணெய் மேலே மிதக்க வேண்டும், மசாலா கறியில் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். காரத்துக்கு மிளகாய்த்தூளைக் கொட்டுவதும் தப்பு. காய்ந்த மிளகாயை விதை தட்டி வெந்நீரில் ஊற வைத்து அரைத்த விழுதுதான் ஆம்பூர் நிறத்தைத் தருகிறது, காரமும் தொண்டையைப் பிடிப்பதில்லை. கடையில் வாங்கின பிரியாணி மசாலாப் பொட்டலத்தை இதில் கொட்டினால் ஊர் பெயரை மாற்றிவிடுங்கள். தம் போட அடியில் தோசைக்கல், மேலே மூடியில் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரம், சிம்மில் பதினைந்து நிமிடம், அணைத்த பிறகு இன்னொரு பத்து நிமிடம் திறக்காமல் இருக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடம்தான் ரொம்பக் கஷ்டம். கிளறும்போது கரண்டியை நடுவில் விடாதீர்கள், ஒரு தட்டின் விளிம்பால் ஓரத்திலிருந்து சரித்து எடுங்கள்.

கூடவே எண்ணெய்க் கத்தரிக்காய் இல்லாமல் எப்படி? எங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கு முன்பும் எங்களுக்கு அதுதான் கத்தரிக்காய். காம்பில் முள் குத்தும், பார்த்து நறுக்குங்கள். இதில் நான் பலமுறை செய்த தவறு, நறுக்கினதும் புளிக்கரைசலில் போட்டு வேக விட்டது. புளிப்புப் பட்டால் காய் சீக்கிரம் மசியாது, தோல் வழுக்கும், உள்ளே நறுக்கென்று இருக்கும். முதலில் எண்ணெயில் முக்கால் பதம் வதக்கி எடுத்துவிட்டு, மசாலாவும் புளியும் கொதித்த பிறகு சேருங்கள். இதே காரணத்துக்காகத்தான் சாம்பாரில் பருப்பு வேகிற வரை புளி கூடாது. எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு, அதில் துவரம்பருப்பு எத்தனை விசில் வந்தாலும் முழித்துக்கொண்டு இருக்கும், பருப்பு விற்ற கடைக்காரரைத் திட்டாமல் கேன் தண்ணீர் ஊற்றி வைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஆற்காடு மக்கன் பேடா. குலாப் ஜாமூன் தெரியும், இது என்ன பெரிய விஷயம் என்று இறங்கினேன். சர்க்கரை இல்லாத கோவா, மைதா, கொஞ்சம் நெய், சிட்டிகை சோடா, உள்ளே முந்திரி, பாதாம், சாரைப்பருப்பு, திராட்சை. சிட்டிகை என்பதை என் கை அரை ஸ்பூன் என்று எடுத்துக்கொண்டது. எண்ணெயில் விட்ட ஆறு உருண்டையும் நுரைத்துப் பிரிந்து, முந்திரி மட்டும் தனியாக வெந்து மிதந்தது. பையன் அதை அரித்து எடுத்துச் சாப்பிட்டு "அப்பா, இது நல்லாருக்கே" என்றான். அடுத்த தடவை பயந்துபோய்ச் சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தேன், மைதா இழுத்துக்கொண்டு கோலிக்குண்டாகிவிட்டது. மூன்றாவது முறை, 25-ம் தேதி, கோவாவை மட்டும் உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிட்டு, மைதா சேர்ந்த பிறகு விரல் நுனியால் கூட்டிச் சேர்த்ததோடு நிறுத்தினேன். உருட்டினால் விரிசல் இல்லாமல் வர வேண்டும், விரிசல் வந்தால் ஒரு ஸ்பூன் பால் தெளியுங்கள். எண்ணெய் புகைய வேண்டாம், உருண்டையைப் போட்டால் அடியில் போய்க் கொஞ்சம் யோசித்து மெதுவாக மேலே வருகிற சூடு. முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பிரிந்தால் மாவில் கொஞ்சம் மைதா சேர்க்கலாம், ஆறையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் சேர்க்க எதுவும் மிச்சம் இருக்காது. பாகு கம்பிப் பதத்துக்குப் போகக் கூடாது, விரலில் பிசுக்கென்று ஒட்டினால் போதும். கொதிக்கிற பாகில் சூடான பேடாவைப் போட்டால் சுருங்கிவிடும், பாகு வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

மறுநாள் காலையில்தான் பாகு உள்ளே வரை இறங்கியிருந்தது. அம்மா ஒன்றை எடுத்துப் பிட்டு, நடுவில் ஈரம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, இன்னொன்றை எடுத்துக்கொண்டார். தாளில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.